கறித்தூள் பொதியோடு எதைச் சேர்த்துக் கொடுப்பது?

கேள்வி: நான் முள்ளியவளையில் ஆறு வருடங்களாக வறுத்த கறித்தூள் செய்து விற்று வருகிறேன். மாதத்திற்கு 500 கிராம் பொதிகள் 200 வரையில் போகின்றன. நான்கு கடைகளுக்குக் கொடுக்கிறேன்; மிகுதியை வீட்டுக்கு வருபவர்களும், விடுமுறையில் வெளிநாட்டிலிருந்து வருபவர்களும் வாங்குகிறார்கள். ஒரு பொதிக்குச் சராசரியாக 1,100 ரூபாய் கைக்கு வருகிறது. என் கூலியும் சேர்த்து 780 ரூபாய் செலவாகிறது. இப்போது கொழும்பிலிருந்து வரும் தூள் ஒன்றோடு பிளாஸ்டிக் கோப்பை ஒன்றை இலவசமாகக் கொடுக்கிறார்கள். கடைக்காரர்கள், "நீங்களும் ஏதாவது சேர்த்துக் குடுங்கோ அக்கா" என்கிறார்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் போத்தல் கொடுக்கலாம் என்று எண்ணி, ஒன்று 140 ரூபாய்ப்படி 60 போத்தல்கள் வாங்கிவிட்டேன். என்னிடம் தேங்கிக் கிடக்கும் ஒடியல் மாவையும் 100 கிராம் வீதம் இலவசமாகச் சேர்க்கலாமா? செலவைச் சரிக்கட்டப் பொதியின் விலையை 100 ரூபாயால் கூட்டலாமா?
– ஒரு வாசகி, முள்ளியவளை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டவற்றுக்கு முதலில் நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். போத்தலை இலவசமாகக் கொடுக்க வேண்டாம். ஒடியல் மாவை இலவசமாகக் கொடுக்கவே வேண்டாம். விலையைக் கூட்டிவிட்டு அதன் பக்கத்தில் "இலவசம்" என்று அச்சிடவும் வேண்டாம். இதனால் எதையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். சேர்த்துக் கொடுப்பது நல்ல வழிதான். ஆனால், உங்கள் தூளை வாங்கிக்கொண்டு போனவர் வீட்டில் அதைக்கொண்டு நல்ல கறி வைப்பதற்கு உதவுகிற பொருளாக அது இருக்க வேண்டும். கொழும்புக்காரர்களின் கோப்பை அந்த வேலையைச் செய்யவில்லை. உங்கள் போத்தல் கொஞ்சம் செய்யும், ஆனால் அதற்கு நீங்கள் கொடுக்கும் விலை மிக அதிகம்.

எவ்வளவு அதிகம் என்பதை உங்கள் கணக்கிலேயே பார்ப்போம். ஒரு பொதியில் உங்களுக்கு 320 ரூபாய் மிஞ்சுகிறது. 200 பொதிகளுக்கு மாதம் 64,000 ரூபாய். பொதியோடு 140 ரூபாய்ப் போத்தலைக் கொடுத்தால் மிச்சம் 180 ரூபாயாகக் குறைந்துவிடும். அதே 64,000 ரூபாயைக் காண நீங்கள் 356 பொதிகள் விற்க வேண்டும், அதாவது 156 பொதிகள் கூடுதலாக. அந்த 156 பொதிகளுக்கும் 78 கிலோ தூள் வேண்டும். அத்தனை செத்தல் மிளகாயையும் மல்லியையும் காயவைத்து, தாச்சியில் வறுத்து, மில்லுக்குக் கொண்டுபோய் அரைத்து, ஆறவிட்டுப் பொதி கட்டிய பிறகு, உங்கள் கைக்கு வருவது முன்பு வந்த அதே காசு. போத்தலுக்காக விற்பனை நான்கில் மூன்று பங்குக்கு மேல் உயரும் என்று எந்தக் கடைக்காரராவது உறுதி சொல்வாரா? சொல்ல மாட்டார், ஏனென்றால் போத்தலின் செலவு அவருடையதல்ல.

பெரிய நிறுவனங்களே இந்த இடத்தில் தடுக்கி விழுந்திருக்கின்றன. 1992இல் பிரித்தானியாவில் ஹூவர் நிறுவனம், 100 பவுணுக்குப் பொருள் வாங்குவோருக்கு இரண்டு விமானப் பயணச் சீட்டுகள் இலவசம் என்று அறிவித்தது. பிறகு அமெரிக்கா வரையில் போய்வருவதற்கான சீட்டுகளையும் கொடுப்பதாக அறிவித்தது. தூசி உறிஞ்சும் இயந்திரம் தேவைப்படாதவர்களும் சீட்டுக்காக அதை வாங்கினார்கள். நிறுவனத்துக்கு ஏறக்குறைய 5 கோடிப் பவுண் செலவானதோடு, வாக்குக் கொடுத்த சீட்டு கிடைக்காதவர்களின் வழக்குகளும் வந்து சேர்ந்தன. 1995இல் அதன் ஐரோப்பிய வியாபாரமே கைமாறியது. இலவசமாகக் கொடுத்த பொருள் விற்ற பொருளைவிடப் பெறுமதியானதாக இருந்ததுதான் அங்கே நடந்த தவறு.

நானும் ஒருமுறை சின்ன அளவில் இதே தவறைச் செய்தவன். இந்த ஆலோசனை வேலைக்கு வருவதற்கு முன்பு வவுனியாவில் சத்துமாப் பொதி செய்து விற்றேன். பொதிக்கு ஒரு எவர்சில்வர் கோப்பை இலவசம். மூன்று மாதம் வியாபாரம் பறந்தது. கோப்பை முடிந்த கிழமை, வழக்கமாக வாங்குகிற ஒரு அம்மா பொதியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, கோப்பை முடிஞ்சுதோ? அப்ப கோப்பை வந்தாப்பிறகு வாறன்" என்று சொல்லிப் பொதியைத் தட்டில் திரும்ப வைத்தார். பின்னொரு நாள் அவருடைய வீட்டுக்குப் போக நேர்ந்தபோது, அலுமாரியில் என் கோப்பைகள் ஐந்து வரிசையாக இருந்தன. அவற்றுக்குப் பின்னால் என் சத்துமாப் பொதிகள் இரண்டு உடைக்கப்படாமலே இருந்தன. மூன்று மாதமாக நான் விற்றுக்கொண்டிருந்தது எது என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

இதற்கு நேர்மாறான வியாபாரம் ஒன்று நம் கண்முன்னே நடக்கிறது. ஏ9 வீதியால் போகிறவர்கள் முறிகண்டிப் பிள்ளையாரடியில் இறங்கித் தேங்காய் உடைத்துக் கர்ப்பூரம் கொளுத்திவிட்டு, கச்சான் வாங்காமல் வாகனத்தில் ஏறுவது அரிது. அந்தக் கச்சான் விற்கும் பெண்களைக் கவனித்திருப்பீர்கள். நீங்கள் விலை கேட்பதற்கு முன்பே சூடாக நாலு கச்சானை உங்கள் கைக்குள் வைத்துவிடுவார்கள். பிறகு சுண்டை வழிய வழிய அளந்து பையில் கொட்டி, பையின் வாயை மடிப்பதற்கு முன்பு இன்னும் ஒரு பிடி அள்ளிப் போடுவார்கள். முதலில் தரும் நாலு கச்சான், "இது இன்றைக்கு வறுத்ததுதானா" என்ற சந்தேகத்தைத் தீர்க்கிறது. கடைசியில் தரும் ஒரு பிடி, "அளவில் குறைத்துவிட்டாளோ" என்ற சந்தேகத்தைத் தீர்க்கிறது. இரண்டும் கச்சான்தான். சீப்போ கண்ணாடியோ கொடுத்து அவர்கள் கச்சான் விற்பதில்லை.

ஆகவே உங்களிடம் தூள் வாங்குபவருக்கு என்ன சந்தேகம், என்ன சிரமம் என்பதைக் கண்டுபிடிப்பதே முதல் வேலை. கறித்தூளைக் கடையில் நின்று வாயில் போட்டுப் பார்க்க முடியாது. வீட்டுக்குப் போன பிறகு அந்தப் பொதிக்கு என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். பொதியின் மூலையைக் கத்தியால் வெட்டுகிறார்கள். கொதிக்கிற கறிச் சட்டிக்கு மேலே அப்படியே சரித்துத் தட்டுகிறார்கள்; முதலில் விழாமல் நின்ற தூள் பிறகு ஒரேயடியாகக் கொட்டுகிறது. சட்டியிலிருந்து எழும் ஆவி பொதிக்குள்ளே போகிறது. பிறகு வெட்டிய மூலையை மடித்து இறப்பர் வளையம் போட்டு, அடுப்புக்குப் பக்கத்துத் தட்டிலேயே வைக்கிறார்கள். இரண்டு கிழமையில் தூள் கட்டிபட்டு, வாசமும் குறைந்து, "முந்தின மாதிரி இல்லை, ஏதோ கலக்கினம் போல" என்ற பேச்சு உங்கள் பெயருக்கு வருகிறது. நீங்கள் வறுத்ததில் ஒரு குறையும் இல்லை. ஆவி போனதுதான் குறை.

இந்த இடத்தில்தான் இலவசப் பொருளுக்கு வேலை இருக்கிறது. பொதிக்குள்ளே ஒரு சிறிய அளவுக் கரண்டியையும், பொதியை இழுத்து மூடக்கூடிய சிப் பையையும், கையகலக் கடதாசியில் அச்சிட்ட சமையல் குறிப்பையும் வையுங்கள். கரண்டி இருந்தால் பொதியைச் சட்டிக்கு மேலே பிடிக்க மாட்டார்கள். சிப் பை இருந்தால் இறப்பர் வளையம் தேட மாட்டார்கள். குறிப்பு இருந்தால் அளவு பிழைக்காது. மூன்றுக்கும் சேர்த்து 32 ரூபாய்க்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பொதியில் மிஞ்சும் 320 ரூபாயில் அது பத்தில் ஒரு பங்கு. அந்தச் செலவை ஈடுகட்ட மாதம் 223 பொதிகள் விற்றால் போதும், அதாவது கூடுதலாக 23 பொதிகள். 156 எங்கே, 23 எங்கே! மூன்றும் அந்தத் தொகைக்குள் அடங்காவிட்டால் சிப் பையை விட்டுவிடுங்கள். கரண்டியையும் குறிப்பையும் விடாதீர்கள்.

கரண்டியைப் பற்றி ஒரு சொல். சிரட்டைக் கரண்டி போட்டால் ஊர்மணம் இருக்கும் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் அது பிடித்தமானதுதான். ஆனால் நன்றாகக் காயாத சிரட்டையில் பூஞ்சணம் பிடிக்கும், அது தூளுக்குள்ளேயே கிடக்கப்போகிற பொருள். உணவுக்கு உகந்த பிளாஸ்டிக்கில் அல்லது எவர்சில்வரில் ஒரு தேக்கரண்டி அளவுள்ளதாகவே வாங்குங்கள். அளவு திட்டமாக இருந்தால்தான் குறிப்பில் "இரண்டு கரண்டி" என்று எழுதுவதற்குப் பொருள் இருக்கும்.

சமையல் குறிப்பை எல்லோரும் அற்பமாக நினைக்கிறார்கள். மூன்று பொருள்களிலும் மலிவானது அது. கொழும்புக்காரர்களால் உங்களைப் பார்த்துச் செய்ய முடியாததும் அது ஒன்றுதான். கோப்பை எந்தக் கடையிலும் கிடைக்கும். நந்திக்கடல் இறாலை முள்ளியவளையில் எப்படிக் கறி வைக்கிறார்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். மூன்று கறிகள் போதும்: இறால், மீன் குழம்பு, மரக்கறி உண்பவர்களுக்காகக் கத்தரிக்காய். அரைக் கிலோ இறாலுக்கு உங்கள் தூளில் எத்தனை கரண்டி, எப்போது போடுவது என்பதை நீங்களே சமைத்து அளந்து எழுதுங்கள். வறுத்த தூளை வெறும் எண்ணெயில் கொட்டினால் கருகிக் கசக்கும். வெங்காயம் வதங்கிப் பாலோ தண்ணீரோ விட்ட பிறகே போட வேண்டும் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் கொழும்பில் தனியாக அறை எடுத்து வேலை செய்கிற பிள்ளைக்கும், கனடாவில் பிறந்த மருமகளுக்கும் அது தெரியாது. "அம்மா வச்ச மாதிரி வரேல்லை" என்ற அவர்களுடைய மனக்குறை முழுக்க இந்த ஒரு வரியில் தீரும். கொஞ்சம் இடம் மிஞ்சினால், தூளைக் காற்றுப் புகாத போத்தலில் அடுப்புக்குத் தூரத்தில் வைக்கச் சொல்லி எழுதுங்கள். ஈரக் கரண்டி போடக் கூடாது என்பதையும் மறக்காமல் சேருங்கள்.

தேவையற்ற பொருளைச் சேர்ப்பதால் வேறொரு நட்டமும் உண்டு. 1994இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கேக் மா வாங்குவோருக்கு அதோடு ஓர் அலங்காரத் தட்டையும் சலுகையாக வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிப் பார்த்தார்கள். தட்டை வேண்டாம் என்பவர்கள் அதை விட்டுவிட்டு மாவை மட்டும் வாங்கியிருக்கலாம். ஆனால் தட்டைப் பற்றிச் சொன்னபோது அந்த மாவைத் தெரிவு செய்தவர்களின் தொகையே குறைந்தது. இதை நம் கடைகளிலும் பார்க்கலாம். "எனக்கு இந்தக் கோப்பை என்னத்துக்கு? இந்தக் கோப்பைக்கும் சேர்த்துத்தானே காசு எடுப்பினம்" என்று ஒருவர் நினைத்துவிட்டால், அவர் பக்கத்தில் இருக்கும் பொதியை எடுத்துவிடுவார். கொழும்புத் தூளின் கோப்பையைப் பார்த்து நீங்கள் பயப்பட வேண்டியதில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெளிநாட்டிலிருந்து வருபவர்களை நீங்கள் தனியாகவே யோசிக்க வேண்டும். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கும், ஆகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்கும், பள்ளிக்கூட விடுமுறைக்கும் வருகிறவர்கள் திரும்பிப் போகும்போது பயணப் பெட்டியைத் தராசில் வைத்து ஒவ்வொரு கிலோவாகக் கணக்குப் பார்க்கிறவர்கள். அவர்களுக்குப் போத்தல் இடத்தை அடைக்கும் சுமை. விமான நிலையத்துக்குப் போகுமுன் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுவார்கள். அவர்களுடைய பயம் வேறு: பெட்டிக்குள் பொதி வெடித்துச் சேலையெல்லாம் தூளாகிவிடுமோ என்பது. ஆகவே அவர்களுக்குக் கரண்டியைவிட இரண்டாவது பையே பெரிய உதவி. கேட்டால் இரட்டைப் பையில் காற்றை வெளியேற்றி ஒட்டித் தருவதாகச் சொல்லுங்கள். வெளிப்பையில் உள்ளடக்கமும் நிறையும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்ட லேபல் இருக்கட்டும், சுங்கத்தில் பெட்டியைத் திறந்தால் கேள்விக்குப் பதில் அங்கேயே இருக்கும். ஊர் ஞாபகமாக இருக்கட்டும் என்று முருங்கை விதை, கத்தரி விதை போன்றவற்றைச் சேர்த்துவிடாதீர்கள். அவுஸ்திரேலியா போன்ற நாடுகள் விதை, மரப்பொருள், உணவு ஆகியவற்றை அறிவித்துக் காட்டச் சொல்லுகின்றன. தெரியாமல் கொண்டுபோய் மாட்டிக்கொண்டவர் அடுத்த முறை உங்கள் படலைக்கு வர மாட்டார்.

இனி ஒடியல் மா. தேங்கிய பொருளை இலவசமாகத் தள்ளுவது நம் வியாபாரிகள் எல்லோருக்கும் வருகிற ஆசை. இன்றைக்கு இலவசமாகக் கொடுத்த பொருளை நாளைக்கு விலை சொல்லி விற்பது கடினம். "உது சும்மா குடுத்த மா எல்லோ" என்பார்கள். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து அந்தத் தண்ணீரை ஊற்றாமல் கூழ் காய்ச்சினால் கசக்கும். கேட்காமலே கையில் வந்த மாவை, முறை தெரியாத ஒருவர் அப்படிக் காய்ச்சிக் குடித்துவிட்டு, "அவவின்ர சாமான் கசக்குது" என்று சொன்னால், அந்தக் கசப்பு உங்கள் தூளின் மேலும் ஏறும். மா ஏன் தேங்கியது என்று பாருங்கள். சுவை பிடிக்காமல் அல்ல. கூழுக்கு வேண்டிய மற்றச் சாமான்களைத் தேடி எடுக்கவும், முறையை யாரிடமாவது கேட்கவும் இக்காலத்தில் பலருக்கு நேரம் இல்லை.

எனவே இங்கே ஒழுங்கை மாற்றிப் போடுங்கள். ஒடியல் மாவையே தலைமைப் பொருளாக வைத்து, அதோடு ஒரு கட்டிப் பழப்புளி, இடித்த செத்தல் மிளகாய் ஒரு சிறு பொட்டலம், ஊறவைத்துப் பிழியும் முறையைப் படிப்படியாகச் சொல்லும் குறிப்பு ஆகியவற்றைச் சேர்த்துக் "கூழ்ப் பொதி" என்று தனி விலைக்கு விற்றுப் பாருங்கள். வாங்குபவர் மீனையும் நண்டையும் பயிற்றங்காயையும் பலாக்கொட்டையையும் மட்டும் தேடிக்கொண்டால் போதும். இலவசமாகக் கொடுத்தால் பெயர் கெடக்கூடிய மாவுக்கே, இப்படித் துணைப்பொருள்களோடு வந்தால் விலை சொல்லலாம். ஆனால் பழைய மாவைப் பொதியில் போடாதீர்கள். வண்டு விழுந்திருந்தால் அது கோழிக்கு.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். நீங்கள் ரசத்தூள் போன்ற புதிய பொருளொன்றைத் தொடங்க நினைத்தால், அதில் ஒரு தடவைக்குப் போதுமான அளவைக் கறித்தூள் பொதியோடு சில மாதங்கள் சேர்த்துக் கொடுப்பது நல்லது. தேங்கிய பொருளைத் தள்ளுவதல்ல இது. முறிகண்டிக் கச்சான்காரி முதலில் தரும் நாலு கச்சான்தான். 1891இல் சிக்காகோ நகருக்கு வந்த வில்லியம் ரிக்ளி, தன் தகப்பனாரின் சவர்க்காரத்தை விற்பதற்காக அதோடு பேக்கிங் பவுடரை இலவசமாகக் கொடுத்தார். ஆட்கள் சவர்க்காரத்தை விட்டுவிட்டுப் பேக்கிங் பவுடரைக் கேட்கத் தொடங்கியதும் அவர் அதையே விற்பனைப் பொருளாக்கினார். 1892இல் அதோடு சூயிங்கம் கொடுத்தார். சனம் சூயிங்கத்தைக் கேட்டது, அவரும் அந்த வியாபாரத்துக்கே மாறினார். வீட்டுக்கு வருகிறவர் "போனமுறை தந்த அந்த ரசத்தூள் இருக்கோ" என்று கேட்டால் அதை ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். பத்துப் பேர் கேட்டால் உங்களுக்கு அடுத்த பொருள் கிடைத்துவிட்டது. இலவசமாகக் கொடுப்பதும் உணவுதான் என்பதால் அந்தச் சிறு பொட்டலத்திலும் பெயர், சேர்மானம், நிறை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, உங்கள் முகவரி எல்லாம் இருக்க வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கடையில் எடுத்துப் பார்த்தால் "அது சும்மா குடுக்கிறது" என்ற பதில் செல்லாது.

விலையைக் கூட்டுவது பற்றி. செத்தல் மிளகாயின் விலை ஏறினால் பொதியின் விலையைக் கூட்டுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, காரணத்தைச் சொன்னால் சனம் விளங்கிக்கொள்ளும். ஆனால் 1,100 ரூபாய்ப் பொதியை 1,200 ஆக்கிவிட்டு, அந்த 100 ரூபாயில் வாங்கிய பொருளை "இலவசம்" என்று எழுதுவது பொய். நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் வியாபாரத்தை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் தடைசெய்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். முள்ளியவளையில் போன மாதம் என்ன விலை என்று தெரியாதவர் யார்? கரண்டியும் குறிப்பும் சேர்த்துக் கொடுக்கும்போது "இலவசம்" என்ற சொல்லே தேவையில்லை. "உள்ளே அளவுக் கரண்டியும் சமையல் குறிப்பும் உண்டு" என்று எழுதினால் போதும். "இந்த மாதம் மட்டும்" என்று எழுதினால் அந்த மாதத்தோடு நிறுத்துங்கள். நாலு மாதமாக நடக்கிற "இந்த மாதம் மட்டும்" என்ற அறிவிப்பை யாரும் நம்புவதில்லை.

கடைகளில் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய விஷயம் ஒன்று. பொதியின் வெளியே ஒட்டிக் கட்டிய பொருளைக் கழற்றித் தனியே விற்கிற கடைக்காரர்களும் இருக்கிறார்கள். கரண்டியை உள்ளேயே வைத்து ஒட்டுங்கள். ரசத்தூள் பொட்டலத்தில் "விற்பனைக்கு அல்ல" என்று அச்சிடுங்கள். கடைக்காரருக்கும் ஏதாவது வேண்டும் என்றால், அது அவருடைய பங்காகத் தனியே இருக்கட்டும்: பன்னிரண்டு பொதிகள் காசுக்கு எடுத்தால் பதின்மூன்றாவது பொதி அவருக்கு. பதின்மூன்றாவது பொதிக்கு உங்களுக்குப் போவது 780 ரூபாய் என்பதை மறந்துவிடாதீர்கள். அதைப் பன்னிரண்டாகப் பிரித்தால் பொதிக்கு 65 ரூபாய். ஆகவே கடனுக்கு எடுப்பவருக்கு இந்தச் சலுகை இல்லை, கைக்காசுக்கு மட்டும். கடன் கொப்பி நீளுவதை இது கொஞ்சம் குறைக்கவும் கூடும்.

இதெல்லாம் பலிக்கிறதா என்று எப்படி அறிவது? நான்கு கடைகளிலும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். இரண்டு கடைகளுக்குக் கரண்டியும் குறிப்பும் உள்ள பொதியைக் கொடுங்கள். மற்ற இரண்டுக்கும் பழைய பொதியையே கொடுங்கள். இரண்டு மாதம் கழித்துக் கொப்பியைப் பாருங்கள். வன்னியில் விற்பனை மாதத்துக்கு மாதம் மாறுவது உங்களுக்குத் தெரியும்: காலபோக அறுவடை முடிந்து நெல்லுக் காசு கைக்கு வந்த கிழமைகளில் எதைக் கொண்டுபோனாலும் விற்கும், விதைப்புக் காலத்தில் 500 கிராம் வாங்கியவரே 100 கிராம் கேட்பார். அதனால் சென்ற மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள்; ஒரே கிழமையில் இந்தக் கடையையும் அந்தக் கடையையும் ஒப்பிடுங்கள். வீட்டுக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் இரண்டாம் முறை வருகிறார்கள் என்பதையும் தனியாக எழுதுங்கள். முதல் பொதியைக் கரண்டிக்காக வாங்கியிருக்கலாம். இரண்டாம் பொதியை ஒருவரும் கரண்டிக்காக வாங்க மாட்டார்கள்.

கடைசியாக அந்த 60 போத்தல்கள். 8,400 ரூபாய் போனது போனதுதான் என்று மூலையில் போட்டுவிடாதீர்கள். அவற்றில் தூளை நிரப்பி, போத்தலின் விலையையும் சேர்த்து 1,240 ரூபாய்க்குப் "போத்தல் பொதி" என்று வீட்டில் வைத்து விற்றுப் பாருங்கள்; கலியாண வீட்டுக்கோ குடிபூரலுக்கோ கையில் எதையாவது கொண்டுபோக நினைப்பவர் எடுப்பார். அப்படி எடுத்தவர் தூள் முடிந்ததும், கழுவி வெயிலில் நன்றாகக் காயவைத்த அதே போத்தலோடு வந்தால், அவர் கண்முன்னே தராசில் வைத்து 500 கிராம் நிறுத்து நிரப்பிவிட்டு, மூடுவதற்கு முன் இன்னும் ஒரு கரண்டி அள்ளிப் போட்டுக் கொடுங்கள்.